காலை ஆறு மணிக்கே அடுப்பு மூட்டுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காலை உணவு சமைக்கும் மகளிர் குழுச் சகோதரிகளுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், பெற்றோருக்கும் வணக்கம்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளைக்கு 50 கிராம் ரவை அல்லது அரிசி, 15 கிராம் பருப்பு என்று அளவைச் சொல்வது அரசாணை. அதை மிச்சம் வைக்காமல் சாப்பிட வைப்பது உங்கள் கைப்பக்குவம்.

அறுபது பிள்ளைகளுக்கு உப்புமா கிண்ட 3 கிலோ ரவை. வீட்டில் ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் போதும். இங்கே அதே கணக்கில் கிண்டினால், இறக்கி அரை மணி நேரத்தில் அண்டாவிலேயே இறுகிவிடும். அதனால்தான் நீங்கள் மூன்று பங்குக்குச் சற்றுக் கூடவே வைக்கிறீர்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தீயைத் தணித்து, ஒருவர் வறுத்த ரவையைத் தூவ, மற்றவர் கை நிறுத்தாமல் கிளறுகிறீர்கள். ஒற்றை ஆளாகச் செய்தால் உள்ளே மாவு வெள்ளையாக நிற்கும் உருண்டைகள்தான் வரும். விடுப்பென்றால் முந்தின மாலையே சொல்லி மாற்று ஆளையும் நீங்களே ஏற்பாடு செய்கிறீர்களே, அதற்குத் தனி நன்றி.

சாம்பாரில் பருப்பு குழைந்த பிறகே தக்காளியும் புளியும். முன்னால் போட்டால் புளிப்பில் பருப்பு வேகாமல் நிற்கும். கேஸும் வீண், நேரமும் வீண். தாளித்த காய்ந்த மிளகாயைக் கரண்டியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடுகிறீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு மிளகாயைக் கடித்தால் அன்றைக்கு அந்தத் தட்டு அப்படியே திரும்பும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கறிவேப்பிலையைப் பொடியாக நறுக்கிப் போடத் தொடங்கிய பிறகு தட்டோரத்தில் இலை ஒதுக்குவதும் நின்றுவிட்டது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எங்கள் குழு கையெழுத்தோடு நிற்பதில்லை. தண்ணீர்த் தொட்டியை முழுவதும் வடித்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் விட்டு ஊறவைத்து அலசுகிறது. பிறகு எல்லாக் குழாயையும் திறந்து முதல் தண்ணீரை வெளியேற்றுகிறது. பலரும் மறப்பது இந்தக் கடைசி வேலையைத்தான். மறந்தால் குழாய்க்குள் நிற்கும் அழுக்கு நீர் நேரே பிள்ளையின் டம்ளருக்கு வரும். கைகழுவும் இடத்தில் சோப்பை வலைப்பையில் போட்டுக் கட்டியதும் இந்தக் குழுதான். சோப்பு மண்ணில் விழுவதில்லை, தண்ணீரில் ஊறிக் கரைவதும் இல்லை.

பெற்றோரே, நாளை பிள்ளை வராது என்று முந்தின மாலையே சொல்லிவிடுகிறீர்கள். திருவிழாவுக்கு மறுநாள் பத்துப் பேர் குறைந்தால் அரைக் கிலோ ரவை மிஞ்சும். நீங்கள் சொல்வதால் அது டின்னிலேயே இருக்கிறது. இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். காலையில் டீயும் பன்னும் கொடுத்து அனுப்பாதீர்கள். எட்டேகாலுக்கு இங்கே சூடாகத் தட்டு காத்திருக்கிறது, பசியோடு அனுப்புங்கள்.

நன்றியுடன்,
தலைமை ஆசிரியர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி