கயிற்றின் மறுமுனை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய பட்டியலை அம்மாவும் நானும் சேர்ந்து படித்தோம். ஆறு நாள் லீவு, நாலு பேர். பாராகிளைடிங், ராஃப்டிங், பாறை ஏறுவது, ஜிப்லைன், பஞ்சி, ரெண்டு நாள் ட்ரெக் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "எதை விடலாம், எதை விடக்கூடாதுன்னு சொல்லுங்கப்பா" என்று கடைசியில் ஒரு வரி. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தடுப்பதற்காக எழுதவில்லை. அம்மாவுக்குள் ஒரு படபடப்பு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனாலும் நீ போக வேண்டும், ஒரு மலை விளிம்பில் கால் நடுங்க நின்று பார்க்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே ஆசைதான்.

முதல் நாளைக் காலியாக விட்டுவிடு. காலையில் போய் இறங்கி மத்தியானமே பறக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். ராத்திரி முழுக்க கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி வந்த உடம்பு அது, பாவம். ஊர் 2000 மீட்டர் உயரத்தில் இருப்பதாகச் சொன்னாய். அந்த உயரம் பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. 2500 மீட்டரைத் தாண்டும்போதுதான் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கம் வராமை எல்லாம் ஆரம்பிக்கும். உங்கள் ட்ரெக் அதற்கு மேலே போகிறது. அதனால் அதைக் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளு. அதற்குள் நாலு ராத்திரி அந்த ஊர்க் காற்றில் தூங்கியிருப்பீர்கள், உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும். நடுவில் ஒரு நாளில் எதையும் எழுதாதே. மழையோ காற்றோ ஒரு நாளைத் தின்றுவிட்டால் அந்த நாள் கை கொடுக்கும்.

சரி, பறப்பதற்கு வருகிறேன்.

பாராசூட் மாதிரி ஒரு துணி இறக்கையில் தொங்கிப் பறக்கிற இந்த பாராகிளைடிங் ரொம்பப் பழைய விளையாட்டு இல்லை. 1978ல் பிரான்ஸில் மியெஸி என்ற மலைக் கிராமத்தில் மூன்று பாராசூட் வீரர்கள், விமானத்தில் ஏறிக் குதிப்பதற்குப் பதிலாக மலைச்சரிவில் ஓடிக் கிளம்பிப் பார்த்தார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இது. இன்றைக்கும் அடிப்படை அந்த ஓட்டம்தான். முன்னால் நீ, பின்னால் பைலட், இரண்டு பேரும் காற்றுக்கு எதிராகச் சரிவில் ஓட வேண்டும். 'ஓடு' என்றால் கால் தரையை விட்டு எழும்பிய பிறகும் இரண்டு எட்டு ஓடு. பாதியில் பயந்து உட்கார்ந்தால் இரண்டு பேருடைய எடையும் தரையில் விழும். பைலட் சொன்ன பிறகு உட்காரலாம். காலை நேரமாகக் கேட்டு வாங்கு. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, காற்று கொத்துக் கொத்தாக மேலே எழும்பும். அனுபவப்பட்டவர்களுக்கு அது வேண்டும், அதில்தான் அவர்கள் உயரம் ஏறுவார்கள். முதல் முறை போகிறவளுக்குக் காலையின் அமைதியான காற்றே நல்லது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவும் நானும் பறந்த படங்களை அனுப்பினோம் அல்லவா? கிளம்பும் இடத்தில் காற்று சரியில்லை என்று இருபது நிமிஷம் காத்திருந்தோம். எனக்கு ஹார்னஸ் மாட்டியாகிவிட்டது. நெஞ்சில் ஒரு பெல்ட், இரண்டு தொடைகளிலும் ஒவ்வொன்று. தொடை பெல்ட் இறுக்கியது. தரையில் வசதியாக உட்காரலாம் என்று இடது கால் கொக்கியைக் கழற்றிவிட்டேன். கழற்றியதையே மறந்தும் போனேன். திடீரென்று, காற்றைக் காட்டக் கட்டியிருந்த துணி நிமிர்ந்தது, பைலட் "வாங்க, வாங்க" என்று அவசரப்படுத்தினார். என்னைத் தன்னோடு கோத்துக்கொண்டார். ஓடத் தயாராக ஒரு காலை முன்னால் வைத்துவிட்டேன். வரிசையில் நின்ற அம்மாதான் பார்த்தாள். "ஏங்க, உங்க கால்ல என்னமோ தொங்குது பாருங்க" என்றாள். பைலட் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒன்றும் பேசாமல் கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்து, நெஞ்சு பெல்ட்டையும் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் ஓடினோம்.

தொடை பெல்ட் இல்லாமல் மேலே போனால் ஆள் ஹார்னஸிலிருந்து கீழே வழுகிவிடுவார். அந்த விளையாட்டில் உயிர் போன விபத்துகளில் இதுவும் ஒரு வகை. அன்றைக்குப் பிழை என்னுடையது. கவனிக்காமல் விட்டது பைலட். பிடித்தது, பாராகிளைடிங் பற்றி எதுவுமே தெரியாத உன் அம்மா.

அதனால் நீங்கள் நாலு பேரும் இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். யாருக்கு எதை மாட்டினாலும் மற்றவர் ஒருவர் பக்கத்தில் போய் ஒவ்வொரு கொக்கியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தால் போதாது, தொட்டு இழுக்க வேண்டும். பைலட்டுக்கோ கைடுக்கோ கோபம் வருமோ என்று கூச்சப்படாதே. நல்ல ஆளாக இருந்தால் சந்தோஷப்படுவார். கோபப்படுகிற ஆளோடு பறக்க வேண்டியதே இல்லை, பணம் கட்டியிருந்தாலும் திரும்பி வந்துவிடு. காற்று சரியில்லை என்று ஒருவர் உங்களைக் காக்க வைத்தால் மட்டும் அவரிடம் சலித்துக்கொள்ளாதே.

ஆறு எனக்குப் பிடித்த இடம், ஆனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ராஃப்டிங்கில் ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 6 என்றால் தேர்ந்தவர்களே தயங்கும் இடம். முதல் முறைக்கு 2, 3 போதும், அதிலேயே நன்றாக நனைந்து கத்துவீர்கள். லைஃப் ஜாக்கெட்டின் தோளைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல். காது வரை ஏறி வந்தால் அது உனக்குத் தளர்வு, இறுக்கிக்கொள். துடுப்பின் மேல்முனைக் கைப்பிடியை எந்த நேரமும் உள்ளங்கையால் மூடிப் பிடித்திரு. விட்டுவிட்டால் அது போய் இடிக்கும் இடம் பக்கத்தில் இருப்பவரின் பல். படகிலிருந்து விழுந்தால் மல்லாந்து, கால் இரண்டையும் நீரோட்டம் போகும் திசையில் நீட்டி, விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி மித. ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்க மட்டும் முயலாதே. முழங்கால் ஆழம்தானே என்று தோன்றும். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், பின்னால் வரும் நீர் ஆளைக் குப்புறத் தள்ளி அழுத்திவிடும். பனி உருகி வரும் ஆறு என்றால் இன்னொன்றும் உண்டு. பகல் முழுக்க உருகிய பனி பிற்பகலில்தான் ஆற்றில் வந்து சேரும். காலையில் சாதுவாக இருந்த அதே இடம் சாயங்காலம் வேறு மாதிரி இருக்கும்.

கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கிற பஞ்சியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம் என்பது என் எண்ணம். பயத்தால் சொல்லவில்லை. 1988ல் நியூஸிலாந்தின் குவீன்ஸ்டவுன் பக்கத்தில் கவராவ் ஆற்றுப் பாலத்தில் 43 மீட்டரிலிருந்து காசு வாங்கிக்கொண்டு குதிக்க விட ஆரம்பித்த நாளிலிருந்து எத்தனையோ பேர் குதித்துவிட்டு நலமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் குதிப்பதைத் தவிர அங்கே நீ செய்வதற்கு எதுவும் இல்லை, கற்றுக்கொள்ளவும் எதுவும் இல்லை. சில நொடிகளில் முடிந்துவிடும். மனசு கேட்கவில்லை என்றால் போ. ஆனால் எடை பார்க்காமல் கயிறு கட்டுகிற இடத்தில் குதிக்காதே. ஆளின் எடைக்குத் தகுந்த கயிறுதான் அங்கே எல்லாமே. கம்பியில் தொங்கிக்கொண்டு சறுக்குகிற ஜிப்லைன் ஒரு மணி நேர வேடிக்கை. முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் வா. ஓடும்போது கப்பிக்கு முன்னால் கம்பியைக் கையால் பிடிக்காதே.

இப்போது, எதை விடக்கூடாது என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். பாறை ஏறுவது. பட்டியலில் அதற்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறாய். ஒரு முழு நாள் கொடு.

பறக்கும்போது உன்னை ஒருவர் தூக்கிக்கொண்டு போகிறார். ஜிப்லைனில் கம்பியோடு தானாகச் சறுக்கிப் போகிறாய். பாறையில் அப்படி இல்லை. ஒருவர் ஏறும்போது இன்னொருவர் தரையில் நின்று அவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும். அதைத்தான் பிலே என்கிறார்கள். ஏறுகிறவரின் இடுப்பில் எட்டு வடிவ முடிச்சு. கயிறு மேலே போய், உச்சியில் உள்ள கொக்கி வழியாகத் திரும்பி வந்து, உன் இடுப்பில் மாட்டிய சின்னக் கருவிக்குள் நுழைகிறது. அதிலிருந்து வெளியே வரும் முனை உன் வலது கையில். அவர் ஒரு அடி ஏறினால் நீ ஒரு அடி கயிற்றை இழுத்துக்கொள்வாய். அந்த வலது கை கயிற்றை விட்டு ஒரு நொடிகூட எடுபடக் கூடாது. அவ்வளவுதான் விதி.

எனக்கு 24 வயதில் ஒரு பயிற்சி முகாமில் அஞ்சு நாள் இதைச் செய்தேன். என் ஜோடி என்னைவிட நல்ல எடை உள்ளவன், அதிகம் பேசமாட்டான். மூன்றாவது நாள் உச்சிக்கு இரண்டு ஆள் உயரம் இருக்கும்போது அவன் கால் வழுக்கிவிட்டது. சத்தமே இல்லை. கயிறு விண்ணென்று இழுபட்டது, என் குதிகால் தரையிலிருந்து எழும்பியது, பாறையைப் பார்க்க ஒரு முழம் இழுத்துக்கொண்டு போனது. வலது கை மட்டும் தொடையோடு ஒட்டி அப்படியே இருந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. முந்தின இரண்டு நாளும் திரும்பத் திரும்பச் செய்து கை தானாகக் கற்றிருந்தது. அவன் மேலே தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கினான். பிறகு மறுபடி பாறையைத் தொட்டு ஏறி முடித்தான். இறங்கி வந்ததும் என் வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வரை என்னோடேயே நடந்துகொண்டிருந்தான். அந்தக் கயிற்றின் கனம் எனக்கு இன்னும் கையில் இருக்கிறது பாப்பா. நீ பிறந்த அன்று நர்ஸ் உன்னை என் கையில் கொடுத்தபோது எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

உங்களோடு வரும் ஒரு பெண்ணுக்கு உயரம் என்றாலே பயம், அவளை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று சொன்னாயே. வேண்டாம்மா, வற்புறுத்தாதே. அவளுக்கு பிலே செய்யச் சொல்லிக்கொடுக்கச் சொல். அது தரையில் நிற்கும் வேலை. பயம் தெரிந்தவர்கள்தான் கயிற்றைப் பார்த்துப் பார்த்துப் பிடிப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஆரம்பத்தில் அவள் பின்னால் நின்று கயிற்றின் வால் முனையைத் தானும் பிடித்துக்கொள்வார், அப்படித்தான் கற்றுக்கொடுப்பது வழக்கம். நீ ஏறு, அவள் பிடிக்கட்டும். ஏறும்போது கையால் தொங்காதே, காலால் எழும்பு. கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

ட்ரெக்குக்கு இரண்டு மூன்று விஷயம். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குளிர் கூடும், அதைக் கணக்கு வைத்துத் துணி எடு. நனைந்த பருத்திச் சட்டை லேசில் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். 3000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடம் முந்தின ராத்திரியைவிட 500 மீட்டருக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு யாராவது இருந்தால் அன்றைக்கு இன்னும் மேலே ஏற வேண்டாம். தள்ளாடி நடந்தாலோ, பேச்சு குழம்பினாலோ மருந்து, ஓய்வு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ராத்திரியானாலும் கீழே இறக்குங்கள். ஒருவர் இறங்கினால் கூட ஒருவர் இறங்க வேண்டும், தனியாக அனுப்பாதீர்கள். மலை முகட்டில் மத்தியானத்துக்கு மேல் நிற்காதீர்கள், இடி மழை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கட்டும்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தால் இந்த விளையாட்டுகள் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று படித்துப் பார். பல பாலிசிகளில் விலக்கி வைத்திருப்பார்கள்.

தினமும் சாயங்காலம் ஒரு வார்த்தை பேசினால் எங்களுக்குப் போதும். பகலில் அம்மா கூப்பிட்டாலும் கூப்பிடுவாள், நான் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் உன் கையில் யாருடைய கயிறாவது இருந்தால் போனை எடுக்காதே. அடித்து ஓயட்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு. கிளம்புவதற்கு முந்தின நாள் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடு. இறங்கும்போது ஒவ்வொரு எட்டிலும் விரல் நுனி ஷூவின் முன்பக்கத்தில் இடிக்கும். இரண்டு நாளில் நகம் கறுத்துவிடும். அம்மா இதை மறக்காமல் எழுதச் சொன்னாள்.