50 என்று எழுதி 44 இறாத்தல் வில் விற்றது தொடர்பான புகார்

பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

விடயம்: 60 அங்குல மூன்று துண்டு றீகேர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த) வில், 12 சீடர் மர அம்புகள், 6 வேட்டை முனைகள். இவற்றைத் திருப்பி எடுத்து முழுப் பணத்தையும் தருமாறு கோருதல் (பற்றுச்சீட்டும் படங்களும் இணைப்பில்)

ஐயா அல்லது அம்மணி,

இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மின்னஞ்சலுக்கு "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று இயந்திரம் பதில் போட்டது. அடுத்த இரண்டுக்கும் அதுவும் இல்லை. தொலைபேசியில் ஐந்து தரம், நேரில் இரண்டு தரம். தமிழிலும் சேவை உண்டு என்று நீங்களே விளம்பரம் போட்டிருப்பதால் இந்தமுறை தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியது விளங்கவில்லையோ என்னவோ.

வில் உங்களுடையது, அதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன். கீழ் லிம்பில், அதாவது வில்லின் வளையும் கீழ்ப்பகுதியில், "28 அங்குலத்தில் 50 இறாத்தல்" என்று கையால் எழுதியிருக்கிறது: 28 அங்குலம் இழுக்கும்போது அவ்வளவு விசை வேண்டும் என்று பொருள். உண்மையில் அந்த வில் 28 அங்குலத்தில் 44 இறாத்தல்தான். இரண்டு தொங்கு தராசுகளில் பார்த்தேன், இரண்டும் 44 தான் சொல்லின. தராசு பிழை என்று உங்கள் ஆள் சொன்னதால் 40 இறாத்தல் அரிசிச் சாக்கையும் அவற்றில் தொங்கவிட்டுப் பார்த்தேன். சாக்குக்கு இரண்டுமே 40 காட்டின. அரிசிக் கொம்பனி உங்களை ஏமாற்றவில்லை.

எப்படி அளந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பிழை எங்கே என்று நீங்கள் கண்டுபிடிக்காமல் நான் கண்டுபிடித்துவிட்டேன். ஏ.எம்.ஓ. என்ற வில் உற்பத்தியாளர் அமைப்பின் முறையில் இழுநீளம் என்பது பிடியின் மிக ஆழமான புள்ளியிலிருந்து நாண் வரையான தூரம், அதோடு 1¾ அங்குலம். அதாவது 28 அங்குலம் என்றால் பிடியிலிருந்து நாணுக்கு 26¼ அங்குலம். மெல்லிய கம்பொன்றில் 26¼ இல் கோடு போட்டு, நாணில் தராசைக் கொளுவி, கோடு பிடிக்கு நேரே வரும்வரை இழுத்தேன். மூன்று தரம் இழுத்துப் பார்த்து நடுத்தொகையை எடுத்தேன். 44.

செப்ரெம்பர் கடைசியில் பாரி நகரில் உள்ள உங்கள் கிடங்குக் கவுண்டரில் ஒருவர் என் கண்முன்னாலேயே இதே வில்லை அளந்தார். அளவு நாடாவின் நுனியைப் பிடியின் ஆழத்தில் வைத்தார், 28 அங்குலம் நாடாவில் வரும்வரை இழுத்தார், 49 என்று வாசித்தார். "பாத்தீங்களா அண்ணை, ஒரு இறாத்தல் வித்தியாசம், மரச்சாமானில அது சகஜம்" என்றார். அவர் இழுத்தது 28 அல்ல, 29¾. இந்த நீள றீகேர்வ் வில்லில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறக்குறைய 3 இறாத்தல் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். 1¾ அங்குலத்துக்கு 5 இறாத்தல். 44 உம் 5 உம் 49. லிம்பில் 50 என்று எழுதியவரும் இதே நாடாவால்தான் அளந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அந்த வாரம் வெளியே போன ஒவ்வொரு வில்லிலும் பொய் எழுதியிருக்கிறது. இதை நான் சொன்னபோது அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறு இறாத்தலில் என்ன வந்தது என்று கேட்பீர்கள், கேட்டும் விட்டார்கள். ஒன்ராறியோ விதி தெரியாமல் நீங்கள் வில் விற்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. மானுக்கு வில்லின் இழுவிசை குறைந்தது 18 கிலோ, அதாவது 39.7 இறாத்தல். மூஸ், எல்க், கருங்கரடிக்கு 22 கிலோ, அதாவது 48.5 இறாத்தல். எல்லாமே 700 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த இழுநீளத்தில். 700 மில்லிமீற்றர் 27.6 அங்குலம். அந்த இடத்தில் இந்த வில் 43 தருகிறது. உங்கள் ஆளின் நாடா முறைப்படியே பிடியிலிருந்து 27.6 அளந்தாலும் 48ஐத் தாண்டவில்லை. எப்படி அளந்தாலும் மூஸுக்கும் கரடிக்கும் இது சட்டப்படி வில்லே அல்ல. உங்கள் விற்பனைப் பக்கத்திலோ "மான் முதல் மூஸ் வரை" என்று கொட்டை எழுத்து. வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரி காட்டில் மறித்து அளந்தால் அபராதம் யாருக்கு? லிம்பில் எழுதியவருக்கா?

இனி அம்புகள். உண்மையில் முதலில் இதைத்தான் எழுத நினைத்தேன், தராசுக் கதையில் கோபம் வந்து அங்கே போய்விட்டேன். "போர்ட் ஓர்ஃபர்ட் சீடர், 11/32 அங்குலம், 50 முதல் 55 இறாத்தல் ஸ்பைன், ஒரே எடை" என்று ஒரு டசின் வாங்கினேன். ஸ்பைன் என்பது தண்டின் விறைப்பு அளவு. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் வைத்து, நடுவில் 2 இறாத்தல் தொங்கவிட்டு வளைவைப் பார்த்தேன். ஒன்பது தண்டுகள் ஏறக்குறைய 0.50 அங்குலம் வளைந்தன. 26ஐ 0.50 ஆல் பிரித்தால் 52, சரி. மற்ற மூன்றும் 0.62 வளைந்தன. 26ஐ 0.62 ஆல் பிரித்தால் 42. ஒரே பெட்டியில் 52 உம் 42 உம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், 44 இறாத்தல் வில்லுக்கு 52 ஸ்பைன் விறைப்பு. வலக்கைக்காரர் எய்தால் அது இடப்பக்கம் ஒதுங்கும். இறகில்லாத தண்டை எய்து பார்த்தாலே தெரியும். ஆகவே சரியான ஒன்பது அம்புகளும் 15 யார் தூரத்தில் ஒரு சாண் இடப்பக்கம் போகின்றன, பிழையான மூன்றும் நேரே போகின்றன. உங்கள் ஒரு பிழை இன்னொரு பிழைக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. இதைத் தொலைபேசியில் விளக்கியபோது உங்கள் முகவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூண்டு அம்பு நேராப் போகுதெல்லே? பிறகென்ன? மிச்சத்துக்கு உங்களுக்கு இழுக்கத் தெரியேல்லை. வயசுக்கு கொம்பவுண்ட் வாங்குங்கோ அண்ணை, அதுதான் சரி."

அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக ஆரம்பத்தில் உங்கள் இயந்திரம் சொன்னது. தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள். செப்ரெம்பர் 17, பகல் 11 மணிக்குப் பிறகு. முதல் 40 நிமிடம் இசை மட்டும்தான் இருக்கும், பொறுமையாகக் கேளுங்கள், நானும் கேட்டேன். அதன் பிறகு அவர் "ஸ்பைன் 500 என்றால்தான் நல்லது, நீங்கள் 50 வாங்கியிருக்கிறீங்கள்" என்று சொல்வதும் இருக்கும். 500 என்பது காபன் அம்பின் கணக்கு. 28 அங்குல இடைவெளியில் 880 கிராம் தொங்கவிட்டால் 0.500 அங்குலம் வளைவு. அங்கே எண் கூடினால் அம்பு மெலிவு, மரத்தில் எண் கூடினால் அம்பு விறைப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவரை வில் பிரிவில் ஏன் இருத்தியிருக்கிறீர்கள் என்று மரியாதையாகவே கேட்கிறேன்.

அதே அழைப்பில் இன்னொன்றும் சொன்னார்: லிம்ப் போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் 5 இறாத்தல் கூடுமாம். கப்பி வைத்த கொம்பவுண்ட் வில்லில் கூடும். ஐ.எல்.எஃப். என்ற பொதுப் பொருத்துமுறை உள்ள றைசரிலும் (வில்லின் நடுப் பிடிப்பகுதி) ஓரளவு கூடும். உங்கள் வில்லில் போல்ட் லிம்பை றைசரோடு பொருத்துவதற்கு மட்டும்தான், அது முழுதாக இறுகியே இருக்கவேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் றைசர் மரத்துக்குள் இருக்கும் பித்தளைப் புரி கழன்று வரும். நான் முறுக்கவில்லை. முறுக்கியிருந்தால் "வாடிக்கையாளர் சேதப்படுத்தினார்" என்று நீங்களே எழுதியிருப்பீர்கள்.

இறகு விடயம் சின்னது, ஆனாலும் சொல்லாமல் விடமுடியாது. பன்னிரண்டில் பத்து அம்புகளுக்குப் பறவையின் இடச்சிறகிலிருந்து எடுத்த இறகு, இரண்டுக்கு வலச்சிறகு இறகு. அந்த இரண்டும் பறக்கும்போது மறுபக்கமாகச் சுழலும். ஒருபக்கம் மட்டும் தீட்டிய முனை போடுகிறவருக்கு இது பெரிய பிழை, ஏனென்றால் முனையும் இறகும் ஒரே பக்கம் சுழலவேண்டும். பல்லி மாதிரி ஒட்டியிருந்த பசை பற்றி எழுதப் போவதில்லை.

வேட்டை முனைகளைப் பற்றி: விதிப்படி அகலம் குறைந்தது 22 மில்லிமீற்றர், குறைந்தது இரண்டு கூரான வெட்டு விளிம்புகள். உங்கள் பெட்டியில் 7/8 அங்குலம் என்று போட்டிருக்கிறது, அது 22.2. வேணியர் வைத்துப் பார்த்ததில் ஆறில் இரண்டு 21 தான். தண்டில் ஏற்றி உள்ளங்கையில் சுழற்றினால் மூன்று முனைகள் ஆடுகின்றன. 5 பாகைக் கூம்பு சரியாகச் சீவப்படவில்லை, முனை மையத்தில் உட்காரவில்லை. சூட்டுப்பசையை உருக்கித் திருப்பித் திருப்பி ஒட்டியும் மாறவில்லை. ஆடும் முனை காற்றில் தானே ஒரு இறகு மாதிரி அம்பைத் திருப்பும். மெல்லிய வில்லில் அகலம் குறைந்த, ஆடுகிற முனையை வைத்து மானை எய்தால் அது சாகாமல் காயத்தோடு ஓடும். அப்படி எய்வதைவிட எய்யாமல் இருப்பது மேல், ஆகவே எய்யவில்லை.

நாணை மறந்துவிட்டேன். 60 அங்குல றீகேர்வுக்கு நாண் வழமையாக 56 அங்குலம். நீங்கள் போட்டது 58, உறையில் 62 அங்குல வில்லுக்கானது என்றே அச்சடித்திருக்கிறது! ஏற்றியபோது பிடியிலிருந்து நாண் உயரம் 6½ அங்குலம். உங்கள் கையேடு 7½ முதல் 8 வரை கேட்கிறது. உயரம் குறைந்தால் நாண் மணிக்கட்டில் அடிக்கும், சத்தம் கூடும், நாண் அம்பின் பின்முனைப் பிளவை விட்டு விலக முன்னரே இறகு றைசரில் உரசும். முறுக்கி முறுக்கி 7 வரை கொண்டுவந்தேன். அதற்கு மேல் முறுக்கினால் நாண் கயிறு மாதிரி முடிச்சு விழுகிறது. வேறு கடையில் 22 டொலருக்குச் சரியான நாண் வாங்கித்தான் மேலே சொன்ன அளவுகளை எடுத்தேன். ஆகவே நாணைச் சாட்டாதீர்கள்.

கீழ் லிம்ப் முறுகியிருப்பது பற்றியும் உங்கள் ஆட்களிடம் ஒரு கதை உண்டு: நான் காலுக்குள் விட்டு நாண் ஏற்றியதால் முறுகியதாம். பெட்டியில் நாண் ஏற்றும் கயிறே வைக்காமல் அனுப்பிவிட்டு இப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது? பெட்டி வந்த அன்றே, ஓகஸ்ட் 29 இல், நாண் ஏற்றும் முன் எடுத்த படம் இணைப்பில் இருக்கிறது. லிம்ப் நுனி றைசருக்கு நேராக இல்லை. நாண் ஏற்றியதும் அது நுனிப் பள்ளத்தில் ஒரு பக்கமாகவே போய்க் கிடக்கிறது. சின்ன முறுகலை எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பிப் பிடித்துச் சரிசெய்யலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த லிம்பின் ஓரத்தில், நுனியிலிருந்து ஐந்து அங்குலத்தில், கண்ணாடியிழைக்கும் மரத்துக்கும் நடுவில் பசைக்கோடு நகம் நுழையுமளவு விட்டிருக்கிறது. திருப்பினால் "டிக்" என்று கேட்கிறது. இழுக்கும்போது அது முழுதாக விட்டால் துண்டு எங்கே போகும்? முகத்துக்குத்தான் வரும்.

பாரிக்கு இரண்டாவது பயணம் பற்றி எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. "ஒக்ரோபர் திங்கட்கிழமை வாங்கோ, ரெக்னீசியன் நிற்பார்" என்று உங்கள் முகவரே நேரம் தந்தார். ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலை, பிறகு 400. போக வர 200 கிலோமீற்றர். கதவில் தாள் ஒட்டியிருந்தது: நன்றி தெரிவித்தல் நாள், விடுமுறை. அன்று விடுமுறை என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டால், தோன்றியது. தொலைபேசியில் இரண்டு தரம் கேட்டேன். "இல்லை அண்ணை, நாங்க திறப்பம்" என்றவர் அதே கொம்பவுண்ட் வாங்கச் சொன்னவர்தான்.

இங்கே பல பகுதிகளில் வில்லுக்கான மான் பருவம் ஒக்ரோபர் 1 இல் தொடங்கிவிட்டது. என் கணக்கில் நட்டம் 3,000 டொலருக்குக் குறையாது. வில், அம்பு, முனை, நாண், பெற்றோல், மான் அனுமதிச்சீட்டு, கரடி அனுமதிச்சீட்டு, எடுத்த லீவு. அதோடு வரவேண்டிய 60 இறாத்தல் இறைச்சி. காட்டு மான் இறைச்சியை இங்கே விற்க முடியாது என்பதால் பண்ணை மானின் கடை விலையில் போட்டிருக்கிறேன். மான் நிச்சயம் கிடைத்திருக்கும் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்காதீர்கள். 50 இறாத்தல் வில் கிடைத்திருக்கும் என்றும் நிச்சயமாகத்தான் இருந்தேன்.

இவ்வளவுக்கும் நான் கேட்பது நியாயமானதே. வில், அம்பு, முனை மூன்றுக்கும் முழுப் பணம், நாணுக்கான 22 டொலர், திருப்பி அனுப்பும் செலவு. இவற்றைப் பத்து வேலைநாட்களுக்குள் தந்தால் மற்ற நட்டத்தை விட்டுவிடுகிறேன். மாற்று வில் வேண்டாம், அதையும் அதே நாடாவால்தான் அளப்பீர்கள். தராமல் விட்டால், விவரணைக்குப் பொருந்தாத பொருளை விற்றது ஒன்ராறியோவின் பொருள் விற்பனைச் சட்டப்படி என்ன என்பதைச் சிறு கோரல் நீதிமன்றத்தில் கேட்டுக்கொள்வோம். மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கான படிவமும் நிரப்பி வைத்திருக்கிறேன். கடன் அட்டை வங்கிக்கு நாளையே அழைக்கிறேன். நீங்கள் நல்ல கடை என்று பலர் சொல்லித்தான் வாங்கினேன், அந்த மரியாதையில்தான் பத்து நாள் தருகிறேன்.

பதிலைத் தயவுசெய்து எழுத்தில் தாருங்கள். அந்த முகவரோடு இனிக் கதைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, பற்றுச்சீட்டு இலக்கம் இணைப்பில்)

பி.கு.: பெட்டி வந்ததும் கவுண்டரில் நிற்பவர்கள் அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவதை முதல் பயணத்தில் பார்த்தேன். இந்த வில்லில் அப்படிச் செய்யவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பசைக்கோடு விட்ட இடத்தில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன்.