பெல்ட்டுக்கு அடியில் கை வைத்துப் பார்

அன்பு மகளுக்கு,

வீட்டிலேயே ஓடுவதற்கு ட்ரெட்மில் ஒன்று வாங்கப் போவதாகச் சொல்லி, மூன்று மெஷின்களின் படங்களையும் அனுப்பி, எது நல்லது என்று கேட்டிருந்தாய். படங்களைப் பார்த்தேன். மூன்றிலும் திரைதான் பளிச்சென்று தெரிகிறது. மோட்டாரைப் பற்றியும் பெல்ட்டின் அளவைப் பற்றியும் சொல்லும் வரிகள் அடியில் பொடி எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. இதை வாங்கு என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம்தான். ஆனால் என்னுடைய முதல் ட்ரெட்மில் எப்படிப் பாழானது என்பதை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. கொஞ்சம் வெட்கமும் காரணம். அதைச் சொன்னால் மற்றவை உனக்கே விளங்கிவிடும்.

அந்த மெஷினை நான் இரண்டு ஆண்டுகள் தவறாமல் பயன்படுத்தினேன். நாள்தோறும் துடைத்துப் புதிதுபோலவும் வைத்திருந்தேன். பெல்ட்டுக்கு அடியில் எண்ணெய் விட வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது, ஏனென்றால் அதைச் சொல்லும் கையேட்டை உறையிலிருந்து நான் வெளியே எடுக்கவேயில்லை. ஒரு கட்டத்தில், காலை ஊன்றும்போதெல்லாம் பெல்ட் ஒரு கணம் தயங்கிவிட்டு நகரத் தொடங்கியது. பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, பின்புறம் இருந்த இரண்டு போல்ட்டுகளையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போதே கருகல் நாற்றம் வந்து மெஷின் நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர் மோட்டாரைத் திறப்பதற்கு முன்பே பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். பலகை உப்புத்தாள்போலச் சொரசொரவென்று இருந்தது. வெளியே எடுத்தபோது விரல்களில் கரிய தூள் அப்பியிருந்தது. “நீங்கள் ஓடியதால் இது தேயவில்லை ஐயா, காய்ந்து கிடந்ததால் தேய்ந்தது” என்றார் அவர்.

பெல்ட் உருளைகளின் மேல் மட்டும் ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு மரப்பலகையின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒவ்வோர் அடிக்கும் நம் எடை முழுவதும் பெல்ட்டை அந்தப் பலகையோடு அழுத்துகிறது. இடையில் வழுவழுப்பு இல்லாமல் போனால், அதே வேகத்தில் பெல்ட்டை இழுக்க மோட்டார் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். மோட்டாரும் அதை இயக்கும் சர்க்யூட் போர்டும் சூடேறிக்கொண்டே போகும். என் வீட்டில் எரிந்தது அந்த போர்டுதான். வறண்டு கிடந்த பெல்ட்டை மேலும் இறுக்கி, நானே அதற்கு முடிவுகட்டியிருந்தேன். இந்த உராய்வை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும், வாங்கிய பிறகு எதைச் செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் மோட்டார். நீ அனுப்பிய படங்களில் ஒன்று 4 குதிரைத்திறன் என்று கொட்டை எழுத்தில் சொல்கிறது. அதன் அடியில் பொடி எழுத்தில் ‘உச்சத்திறன்’ என்று இருக்கிறது. உச்சத்திறன் என்பது மோட்டார் சில கணங்கள் மட்டும் எட்டக்கூடியது. நீ கேட்க வேண்டியது தொடர்திறன், அதாவது மணிக்கணக்கில் ஓடினாலும் சோர்ந்துவிடாமல் தரும் திறன். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். நடப்பதற்கு மட்டும் என்றால் தொடர்திறன் 2 போதும். உன்னைப்போல ஓடுகிறவர்களுக்கு 2.5-க்குக் குறையக் கூடாது, 3 இருந்தால் நிம்மதி. ஓடுவதுதான் மோட்டாருக்குக் கடினம், மெதுவாக நடப்பது எளிது என்றும் எண்ணிவிடாதே. மெதுவாக நடக்கும்போது பாதம் பெல்ட்டை அழுத்தியபடியே நெடுநேரம் இருக்கிறது, மோட்டாரோ குறைந்த வேகத்தில் திணறிச் சுற்றுகிறது. கனத்த உடம்புள்ளவர் வீட்டில் இருந்தால் அவருக்காகவே மோட்டாரைப் பெரிதாக வாங்க வேண்டும். மெஷின் தாங்கும் எடை என்று போட்டிருப்பதிலும், உங்கள் வீட்டில் அதிக எடை உள்ளவரைவிட 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும்.

அடுத்தது பெல்ட்டின் அளவு. நடப்பதற்கு 120 சென்டிமீட்டர் நீளமும் 42 சென்டிமீட்டர் அகலமும் போதும். ஓடும்போது கால் எட்டிப் போகும். நீ என்னைவிட உயரமும்கூட. ஆகவே 140 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் உள்ளதாகப் பார். குட்டைப் பெல்ட்டில் ஓடுகிறவர்கள் பின்னால் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில், தம்மை அறியாமலே அடியைச் சுருக்கிக்கொள்கிறார்கள். மடக்கிச் சுவரோரம் சாய்க்கலாம் என்ற வசதியைப் பெரிதாக நினைக்காதே; மடித்த பிறகும் அது கனமான பொருள்தான். கடைக்கு ஓடும் காலணியோடு போய், பத்து நிமிடமாவது அதன்மேல் ஓடிப் பார்த்துவிட்டு வா. கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார். அங்கேயே ஆடுகிற மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு ஆடாமல் இருக்குமா?

மேடு ஏறுவதுபோலப் பலகையின் முன்பக்கத்தை உயர்த்தும் சாய்வு வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதயப் பரிசோதனைக்காக என்னை ட்ரெட்மில்லில் ஏற்றியபோதுதான் அதன் அருமை எனக்குத் தெரிந்தது. ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் வகுத்த அந்த முறையில், முதல் மூன்று நிமிடம் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், குழந்தைகூட அதைவிட விரைவாக நடக்கும். ஆனால் சாய்வு 10 சதவீதம். பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சாய்வையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டே போவார்கள். மூன்றாம் கட்டத்துக்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது, அதுவரை ஓர் அடிகூட நான் ஓடவில்லை. முழங்காலை வருத்தாமல் உடம்பை வேலை வாங்க வேண்டிய நாள்களில் உனக்கு அந்தச் சாய்வு உதவும், ஆனால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினால் பலன் குறைந்துவிடும். திரை காட்டும் கலோரிக் கணக்கு தோராயமானது. அதை வைத்துக்கொண்டு சாப்பாட்டைக் கூட்டாதே.

வாங்குவதற்கு முன்பு அறையின் உயரத்தை அளந்துவிடு. பலகையே தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சாய்வை ஏற்றினால் முன்பக்கம் இன்னும் உயரும். ஓடும்போது தலை வேறு மேலே எழும்பும். உன் உயரத்தோடு அரை மீட்டர் கூட்டிப் பார்த்து, அதற்கு மேலும் இடம் மிஞ்ச வேண்டும், மின்விசிறி இருந்தால் கேட்கவே வேண்டாம். பின்புறம் 2 மீட்டர் வெற்றிடம் விடு. சுவரை ஒட்டிப் போட்டால், கால் தவறியவரைப் பெல்ட் பின்னால் தள்ளிச் சுவரோடு நெருக்கித் தோலை உரித்துவிடும். அதிக மின்சாரம் தாங்கும், எர்த் இணைப்புள்ள தனி சாக்கெட்டில் நேரடியாகச் செருகு. எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். தரைவிரிப்பின் மேல் வைத்தால் அதன் நூலும் தூசியும் மோட்டாருக்குள் போகும். கெட்டியான ரப்பர் பாய் ஒன்றைப் போட்டுக்கொள். நீங்கள் மாடியில் இருப்பதால் சொல்கிறேன், அந்தப் பாய் மெஷினின் அதிர்வைக் குறைக்குமே தவிர, விடியற்காலையில் நீ ஓடும் அதிர்ச்சியைக் கீழ்வீட்டாரிடமிருந்து முழுதாக மறைத்துவிடாது.

இனிப் பராமரிப்பு. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டுக்கு அடியில், பாதம் விழும் நடுப்பகுதிவரை கையை விட்டுத் தடவிப் பார். விரலில் லேசான வழுவழுப்பு ஒட்டினால் போதும். உலர்ந்திருந்தால் எண்ணெய் விட வேண்டும். ட்ரெட்மில்லுக்கு என்றே விற்கும் சுத்தமான சிலிகான் எண்ணெயைத்தான் விட வேண்டும். தையல் மெஷின் எண்ணெய், துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே இவையெல்லாம் பெல்ட்டின் அடிப்பரப்பைக் கெடுத்துவிடும். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கிப் பலகையின் நடுவில் வளைந்து வளைந்து விட்டுவிட்டு, ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தால் அது பரவிக்கொள்ளும். நாள்தோறும் ஓடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும், அளவு கையேட்டில் இருக்கும். கூடுதலாக விட்டால் பெல்ட் வழுக்கும், தூசியும் ஒட்டும். சில மெஷின்களின் பலகையில் மெழுகு பூசியே வரும். அவற்றுக்கு எண்ணெய் கூடாது. ஆகையால் உறையை முதல் நாளே பிரித்துவிடு. உன் அப்பா செய்ததைச் செய்யாதே.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பயப்படாதே. யாரும் மேலே நிற்காமல் மெஷினை மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவிட்டு, எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துப் பின்போல்ட்டை அலென் சாவியால் வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பு; ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்த பிறகே அடுத்த கால் சுற்று. தலைமுடியும் சேலைத் தலைப்பும் உருளையின் அருகே போகாமல் பார்த்துக்கொள். நிறுத்திய பிறகு பெல்ட்டின் நடு ஓரத்தைத் தூக்கினால் 5 முதல் 7 சென்டிமீட்டர்வரை எழ வேண்டும்; அவ்வளவும் எழவில்லை என்றால் என்னைப்போல இறுக்கிவிட்டாய் என்று பொருள். ஆண்டுக்கு இரண்டு முறை மோட்டார் மூடியைக் கழற்றித் தூசியை உறிஞ்சி எடு, ஆனால் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் கழித்தே கையை வை, உள்ளே மின்சாரம் சற்று நேரம் தேங்கி நிற்கும்.

என் பேரன் தவழும் வயதில் இருக்கிறான். ஓடும்போது, மெஷினில் செருகும் சிவப்புப் பாதுகாப்புச் சாவியின் கிளிப்பை உன் சட்டையில் மாட்டிக்கொள். நீ தடுமாறினால் அது பிடுங்கிக்கொண்டு பெல்ட்டை நிறுத்திவிடும். ஓடி முடித்ததும் அதைக் கழற்றி அவன் கைக்கு எட்டாத அலமாரியில் வை. நீ ஓடும்போது அவன் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பின் உருளைக்கும் பெல்ட்டுக்கும் இடையில் குழந்தையின் விரல் சிக்கினால் நொடியில் தோல் போய்விடும். இதில் மட்டும் என் சொல்லைத் தட்டாதே.

மூன்றாவது படத்தில் உள்ள மெஷினின் பெல்ட் நீளம் எனக்குத் தெரியவில்லை. அதையும் உன் அறையின் உயரத்தையும் அளந்து எழுது. பிறகு எதை வாங்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா