1729-க்கு அப்பால் ஓர் எண்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கணித மேதை ராமானுஜனின் பிறந்தநாளான டிசம்பர் 22 வந்தால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் அவர் வலம்வரத் தொடங்கிவிடுவார். கும்பகோணத்து வறுமை, நாமகிரித் தாயார், கேம்பிரிட்ஜ் குளிர், கடைசியில், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று அவர் சொன்ன டாக்சி எண் 1729. எனக்கும் பிடித்த கதைகள்தான். உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் பேத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவரு அப்படி என்ன கணக்குதான் போட்டாரு, தாத்தா?” என்றாள். அதற்குத் தமிழில் பதில் தேடி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

1729-க்கு 1, 7, 13, 19, 91, 133, 247, 1729 என்று எட்டே காரணிகள், அதாவது அதை மீதியின்றி வகுக்கும் எண்கள். சின்னஞ்சிறு 24-க்கும் எட்டுதான். 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண்களைப் பற்றியது. டஜனுக்கு 12, நாளுக்கு 24, மணிக்கு 60, வட்டத்துக்கு 360 என்று நாம் அன்றாடம் பங்கு போடும் எண்கள் அந்த வகை. அவர் தந்த பட்டியலில் கடைசி எண் 6,746,328,388,800. கிட்டத்தட்ட ஆறே முக்கால் டிரில்லியன்!

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்து பேத்தி அதை வகுத்தாள். 2-ஆல் ஆறு முறை, 3-ஆல் நான்கு முறை, 5-ஆலும் 7-ஆலும் இவ்விரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. முதல் தடவை எங்கோ தப்பி 17-இல் மீதி வந்தது. அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். முடிவில் 1 வந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு பகா எண்கூட (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) விடுபடவில்லை, அடுக்குகள், அதாவது ஒவ்வொன்றாலும் எத்தனை முறை வகுத்தோம் என்ற எண்ணிக்கைகள், இறங்குகின்றனவே தவிர ஏறவில்லை என்பதை அவளே கவனித்தாள். காரணம் எளிது. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு இருந்தால், இரண்டையும் இடம் மாற்றினால் போதும். காரணிகள் குறையாமல் எண் மட்டும் சிறுத்துவிடும். எத்தனை காரணிகள் என்று எண்ணவும் ஒவ்வொன்றாக வகுக்க வேண்டியதில்லை. ஒரு காரணியை உருவாக்க, 2-ஐ ஒரு தடவைகூட எடுக்காமலிருப்பது முதல் ஆறு தடவை எடுப்பது வரை ஏழு வழி, 3-க்கு ஐந்து வழி, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இவ்விரண்டு. பெருக்கினால் 10,080.

அந்த 23-ஐ மட்டும் எடுத்துவிட்டால் 293,318,625,600 வரும். காரணிகள் சரிபாதி, 5,040. இதுவும் அதே வகை எண்தான். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட ராமானுஜனின் பட்டியலில் இது இல்லை. கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கில் விடுபட்டது இந்த ஒன்றுதான் என்றதும் பேத்தி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

இந்த ஆய்வுக்காகத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது. சங்கத்துக்கு அப்போது பணத் தட்டுப்பாடு, அதனால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவே இல்லை. அது வெளிவந்தது 1997இல்!

நம் பிள்ளைகள் கணிதத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், ராமானுஜனைத் தமிழில் கதையாகக் கேட்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடமே இல்லை. ‘ஃபேக்டர்’ என்று மட்டுமே அறிந்திருந்த என் பேத்தி, காரணி, பகா எண், அடுக்கு என்ற சொற்களை அன்று அந்தக் கல்மேசையில்தான் கற்றாள். வரும் டிசம்பரில் உங்கள் மாணவர் பக்கத்தில் அவர் பட்டியலின் ஒரு பகுதியை வெளியிடுங்கள். 293,318,625,600 வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, பிள்ளைகளையே நிரப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அங் மோ கியோ, சிங்கப்பூர்