ஆலங்குடி வளைவும் உன் பனி டயரும்

மன்னார்குடி,
கார்த்திகை, விடாத மழை.

அன்புள்ள ராஜு,

நாலு மாதமாக எழுதவில்லை. திட்டுவதை அடுத்த போனில் வைத்துக்கொள். கமலா சுகம். என் சர்க்கரை என்னைவிட சுகமாக இருக்கிறது. கண்ணாடி சீனு பேரனுக்குப் பெயர் வைத்துவிட்டான். என்ன பெயர் என்று உனக்கே தெரியும். தாளடி நட்ட வயலில் தண்ணீர் நின்று இப்போதுதான் வடிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன முகூர்த்தத்துக்கு நானும் கமலாவும் காரில் கும்பகோணம் கிளம்பினோம். நீடாமங்கலம் கேட்டில் முக்கால் மணி நேரம் போயிற்று, அதைப் பற்றி உனக்கு எழுத வேண்டுமா என்ன! விட்ட நேரத்தைப் பிடிக்கலாம் என்று ஆலங்குடி தாண்டி அறுபதில் போனேன். தூறல். வளைவில் எவனோ சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம், அந்தக் கேஜ் வீலோடு டிராக்டரை ரோட்டில் ஏற்றி, சேற்றை அப்படியே அப்பிவிட்டுப் போயிருக்கிறான். ஸ்டியரிங்கைத் திருப்பினேன், முன்பக்கம் சொன்னபடி கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை. வண்டி வாலைச் சுழற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. வாய்க்காலுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம். கமலா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம். அப்புறம் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டோம். பாயசம் மட்டும் இறங்கவில்லை.

மறுநாள் நம் பஞ்சர் கடை பாயிடம் கொண்டுபோனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "சார், கணக்கு வாத்தியார் வண்டியா இது?" என்றார். முன்னால் இரண்டும் ஆனி மாதம் போட்ட புது டயர். பின்னால் இடது பக்கம் மொட்டை, வலது பக்கம் எப்போதோ மாட்டிக் கழற்றாமல் விட்ட ஸ்டெப்னி, வேறு கம்பெனி, ரோட்டைப் பிடிக்கும் பட்டன் வெட்டும் வேறு. ஸ்டெப்னியின் பக்கவாட்டில் 2315 என்று எண். 2015ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது என்று அர்த்தமாம். பத்து வருஷமாக அந்த எண்ணைத் துடைத்துக் கழுவியிருக்கிறேன், படித்ததில்லை.

புது டயர் போட்ட கடையில் "இழுக்கிறது முன்சக்கரம்தானே சார், புதுசு முன்னாலதான்" என்றார்கள். நியாயமாகப் பட்டது. பாய் சொன்னது நேர் எதிர். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியது பின்னாலேதான் போக வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் கைக்குத் தெரியும், காலை எடுத்துவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் தெரிவதற்குள் திரும்பி நிற்பாய். முன்னால் நல்ல டயர் போட்டதனால் எனக்கு வந்த தைரியம்தான் என்னைச் சுழற்றியது, ராஜு. நாலும் மொட்டையாக இருந்திருந்தால் நாற்பதில் போயிருப்பேன்.

உங்கள் அப்பா செவலையையும் மயிலையையும் ஒரே நுகத்தில் பூட்டியது நினைவிருக்கிறதா? அன்றைக்கும் ஆலங்குடிதான்.

இப்போது உன் கனடாக் கதை. புரட்டாசியில் பேசும்போது என்ன சொன்னாய்? "பழைய வண்டியோட பனி டயர் ரெண்டு கராஜில் கிடக்கு, முன்னால மாட்டிப்பேன், கியூபெக்லதான் டிசம்பர் 1லேருந்து மார்ச் 15 வரை கட்டாயம், எங்க ஒன்டாரியோல கேட்க ஆளில்லை" என்று பெருமை வேறு. அன்று நானும் தலையாட்டினேன். இப்போது ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆலங்குடியில் சேறு பத்தடிதான். உனக்கு ஆட்டாவாவில் ஊர் முழுக்கச் சேறு, அதுவும் உறைந்த சேறு.

மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் இறுக ஆரம்பிக்கிறது, பனி டயரின் ரப்பர் இளகியே இருந்து ரோட்டைப் பிடிக்கிறது. (இங்கே மார்கழியில் 20 டிகிரிக்கு வந்தாலே சீனு குரங்குக் குல்லா போடுகிறான்.) அப்படியென்றால் உன் வண்டிக்கு முன்னால் பிடி, பின்னால் இறுகிப்போன ரப்பர். என் வண்டியேதான், இன்னும் மோசமாக.

இதோடு சைஸ் வேறு. உன் வண்டிக்கு 205/55, பழையது 205/65, இரண்டும் 16 இஞ்ச் டிஸ்க், "அதனால் உட்காரும்" என்றாய். உட்காரும். பென்சிலை எடு. 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்த எண், பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 205இல் 55 சதவீதம் 112.75 மில்லிமீட்டர், 65 சதவீதம் 133.25. மேலும் கீழும் சேர்த்து விட்டத்தில் 41 மில்லிமீட்டர் கூடுதல். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்றும். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ், ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் எது வழுக்குகிறது என்று முடிவு செய்கிறது. அதற்குப் பொய்க்கணக்கு கொடுக்கிறாய். உன் மருமகளின் வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற வகை என்றாயே, அதில் தயவுசெய்து இந்த விளையாட்டே வேண்டாம். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் நடுப்பாகம் ஓய்வில்லாமல் உழைத்துச் சூடேறிப் போய்விடுமாம். டயரில் மிச்சம் பிடித்ததை அங்கே பத்து மடங்காகக் கட்டுவாய்.

உன் கஞ்சத்தனத்தை ஹாஸ்டல் மெஸ் காலத்திலிருந்து பார்க்கிறேன், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாலும் பனி டயராக, நாலும் ஒரே சைஸாக வாங்கு. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் போட்டிருக்கிறதா பார். பணம் இப்போது முடியாது என்றால் வாங்கும்வரை பஸ்ஸில் போ. நான் நாலும் புதிதாகப் போட்டுவிட்டேன், கமலாவின் சீட்டுப்பணம் காலி. அவள் இன்னும் பின்சீட்டில்தான் உட்காருகிறாள்.

உன் நாலு டயரின் பக்கவாட்டு எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பு. சீனுவிடம் மட்டும் ஆலங்குடி விஷயத்தைச் சொல்லிவிடாதே.

உன்,
மூர்த்தி