ஏழே இரவில் பாதியான கணக்கு: ஒரு கில்டு தலைவரின் புகார்

அனுப்புநர்:
கில்டு தலைவர் (ஆண்டுச் சந்தாதாரர்),
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
கில்டு மேலாண்மை மென்பொருள் நிறுவனம்.

நாள்: 28.04.2025

பொருள்: எங்கள் கில்டின் புள்ளிக் கணக்கு உங்கள் மென்பொருளில் சிதைந்தது – பழைய கணக்கையும் சந்தாவையும் திருப்பித் தரக் கோருவது – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் உதவி மையத்துக்கு இந்த மாதத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் வந்தது. பொறுமை தீர்ந்துவிட்டதால் இந்த முறை கடிதமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டைச் சேர்ந்து ஆடும் கில்டு, அதாவது ஒரு நிலையான குழு. மொத்தம் 48 பேர். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், மேல்விஷாரம், ஆரணி என்று பழைய வட ஆற்காடு முழுக்க ஆள் இருக்கிறது. 1989இல் ஒரு முறை, 2019இல் ஒரு முறை என்று மாவட்டத்தைப் பிரித்துக்கொண்டே போனார்கள். விளையாட்டில் வரும் மோல்டன் கோர் குகைக்குள் நுழையும்போது மட்டும் நாங்கள் இன்னும் ஒரே மாவட்டம்தான். ஆடுவது ஐரோப்பிய சர்வரில். புதன், சனி இரவு 9:30க்கு ரெய்டு, அதாவது பெரிய எதிரிகளை வீழ்த்த 40 பேர் சேர்ந்து போகும் படையெடுப்பு. லாங்கு பஜாரில் கடை சாத்துபவர், ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்டு முடித்து வருபவர், சென்னையில் வேலை பார்த்துவிட்டுக் காட்பாடியில் ரயில் இறங்குபவர், எல்லாரும் சாப்பிட்டு முடித்து உட்காரும் நேரம் அது. 40 பேரை ஒரே நேரத்தில் உட்கார வைப்பது கல்யாணப் பந்தி மாதிரி. ஒரு இலை காலியாக இருந்தாலும் பரிமாறுகிறவனுக்குத்தான் திட்டு.

உங்கள் மென்பொருளை வாங்கியதே அந்தத் திட்டைக் குறைக்கத்தான். ஆளுக்கு 100 ரூபாய் வசூலித்து 4,800 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டினோம். நாள்காட்டி, வருகைப் பதிவு, புள்ளிக் கணக்கு, ஏலம் எல்லாம் ஒரே இடத்தில் என்று உங்கள் விளம்பரம் சொன்னது. முதல் ஏழு மாதம் நன்றாகவே ஓடியது. அதை மறைக்க மாட்டேன்.

சிக்கல் மார்ச் 30ஆம் தேதி தொடங்கியது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அதுவரை அங்கே மாலை 5 என்றால் இங்கே இரவு 9:30. அன்றிலிருந்து அங்கே 5 என்றால் இங்கே 8:30. நேர மண்டலம் கேட்ட இடத்தில் "ஆசியா/கொல்கத்தா" என்று நாங்கள் சரியாகத்தான் கொடுத்திருந்தோம். அப்படியிருந்தும் உங்கள் நாள்காட்டி சர்வரின் 5 மணியைப் பிடித்துக்கொண்டு, ஏப்ரல் 2 புதன்கிழமை ரெய்டை எங்களைக் கேட்காமலே 8:30க்கு மாற்றிவிட்டது. 8:45க்கு வருகைப் பதிவையும் மூடிவிட்டது. 31 பேருக்கு "வரவில்லை" என்று குறித்து, ஆளுக்கு 40 புள்ளி அபராதமும் போட்டது.

அந்த 31 பேரில் ஆம்பூர், மேல்விஷாரம் நண்பர்கள் ஒன்பது பேர். நோன்பு மாதம் முழுக்க அவர்களுக்கு விடுப்பு போட்டிருந்தோம். ரம்ஜான் முடிந்து ஆசையாகத் திரும்பி வந்த முதல் இரவில் அவர்கள் பார்த்தது சிவப்பு எழுத்தில் ஒரு அபராதம்.

அன்றிரவே உங்களுக்கு எழுதினேன். "உங்கள் பகுதியின் கோடைகால நேர மாற்றத்தைச் சரிபார்க்கவும்" என்று பதில் வந்தது. வேலூரில் கோடைகாலத்தில் வெயில்தான் மாறும், ஐயா. கடிகாரம் மாறாது. இந்தியாவில் அப்படி ஒரு வழக்கமே இல்லை.

சரி, இது வரைக்கும் நடந்ததைப் பிழை என்றே விட்டிருப்பேன். 31 பேரின் அபராதத்தையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து நானே கையால் திருத்தினேன். அப்புறம் நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

எங்கள் கணக்குமுறை டி.கே.பி., அதாவது டிராகன் கில் பாயிண்ட்ஸ். தெரியாதவர் கைக்கு இந்தக் கடிதம் போனால் புரிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்: ரெய்டுக்கு வந்தால் புள்ளி ஏறும், பெரிய எதிரி விழுந்தால் புள்ளி ஏறும், விழுந்தவனிடம் கிடைக்கும் பொருளை அந்தப் புள்ளியை வைத்து ஏலம் கேட்கலாம். 1999இல் வந்த எவர்குவெஸ்ட் விளையாட்டில், நாகஃபென், வாக்ஸ் என்ற இரண்டு டிராகன்களைக் கொல்லப் போன கூட்டம் பங்கு பிரிக்க உண்டாக்கிய முறை இது. உங்கள் கம்பெனி கண்டுபிடித்தது அல்ல. யாரும் புள்ளியைப் பதுக்கி வைக்கக் கூடாது என்பதற்காக வாரம் ஒரு முறை, சனி நள்ளிரவில், இருப்பில் 10 சதவீதம் தேய்மானம் கழிப்போம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஒரு மாதம் தேய்மானம் கிடையாது. இரண்டு விதியையும் உங்கள் அமைப்புப் பக்கத்தில்தான் பதிந்து வைத்திருந்தோம்.

ஏப்ரல் 4 அன்று "நேரச் சிக்கலைச் சரிசெய்துவிட்டோம்" என்று அறிவிப்பு அனுப்பினீர்கள். நேரம் சரியானது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு, வாரம் ஒரு முறை ஓட வேண்டிய தேய்மானம் தினமும் நள்ளிரவில் ஓடியிருக்கிறது. 9ஆம் தேதி புதன், எதிரியின் அடியை முன்னால் நின்று தாங்கும் எங்கள் டேங்குக்கு செமஸ்டர் பரீட்சை என்பதால் ரெய்டு வைக்கவில்லை. அதனால் யாரும் இருப்பைப் பார்க்கவில்லை. 12ஆம் தேதி சனிக்கிழமை உள்ளே போவதற்குள் ஏழு இரவு கழிந்துவிட்டது. 1,200 புள்ளி வைத்திருந்தவருக்கு 1,080 இருக்க வேண்டும். இருந்தது 574.

அன்று இரவு மோல்டன் கோரின் பெரிய எதிரிகளில் ஒருவனான மேஜர்டோமோவை முடித்தோம். அவன் எங்கள் கையால் சாகிறவன் அல்ல. கூட வரும் எட்டு அடியாட்களையும் கொன்றால் சரணடைந்து ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போவான். பெட்டியைத் திறந்தால் ஐ ஆஃப் டிவினிட்டி. பிரீஸ்ட், அதாவது பூசாரிப் பாத்திரம், ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஆன பொருள். பெனடிக்ஷன் என்ற மந்திரத் தடியைப் பெற அது இல்லாமல் வழி இல்லை. எங்கள் பிரீஸ்ட், குடியாத்தத்து அண்ணன், பகலில் தையல் கடை. அதற்காக எட்டு மாதம் வேறு எதையும் ஏலம் கேட்காமல் காத்திருந்தவர். 900 என்று போட்டார். "போதிய புள்ளி இல்லை" என்றது உங்கள் மென்பொருள். மறுபடி 900. மறுபடி அதே. ஏலத்துக்கு இருப்பதே 60 விநாடி. ஹெட்செட்டில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில் கையில் காட்டிய 574ஐ அப்படியே போட்டார். காட்பாடியில் படிக்கும் தம்பி ஒருவன், அவனும் பிரீஸ்ட்தான், சேர்ந்து மூன்று வாரம், தேய்மானம் இல்லாததால் முழுசாக இருந்த 580ஐப் போட்டான். உங்கள் மென்பொருள் மணி அடித்து, காகிதத் துகள் பறக்கவிட்டு, தம்பியின் பெயரை அறிவித்தது. அந்த அறிவிப்பை நம்பி நானும் பொருளை அவனிடம் கொடுத்துவிட்டேன்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தது மறுநாள் காலையில்தான். அது விளையாட்டில் அவன் ஆடும் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்ட பொருள். திருப்பித் தர முடியாது. தம்பி அழாத குறை. அண்ணன் "விடுப்பா, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்றார். அடுத்த இரண்டு வாரமும் ரெய்டுக்கு வரவில்லை. கேட்டால் கடையில் ஆர்டர் ஜாஸ்தி என்கிறார். கல்யாண சீசன் என்பதால் அது பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

13ஆம் தேதி பழைய கணக்கைக் கேட்டு எழுதினேன். தினசரி இருப்பை நீங்கள் வைத்திருப்பதில்லை, காப்பு நகலும் ஏழு நாளுக்கு மேல் இல்லை, "ஏப்ரல் 5 நிலையை மீட்க இயலாது" என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஈடாக எல்லாருக்கும் 500 புள்ளி சேர்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். வராதவனுக்கும் 500, எட்டு மாதம் காத்திருந்தவருக்கும் 500. கூடவே "இவை மெய்நிகர் புள்ளிகள் என்பதால் பண இழப்பு எதுவும் இல்லை" என்று ஒரு வரி. அந்த வரியை எழுதியவர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

என் அம்மா இதே சத்துவாச்சாரியில் 20 பேரை வைத்து ஏலச்சீட்டு நடத்துகிறார். கணக்கு எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில். தப்பாக எழுதிவிட்டால் அழிக்க மாட்டார். மேலே ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்குவார். அடித்த எண் கீழே படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பார். உங்கள் மென்பொருளில் 574 இருந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்று பார்க்க ஒரு பக்கம்கூட இல்லை. 1,200 என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம், ஏப்ரல் 5 அன்று நான் தற்செயலாக எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஸ்கிரீன்ஷாட். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் மூன்று பதில்களும் கட்டண ரசீதும் உடன் இருக்கின்றன.

ஆகவே நான் கேட்பது: ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் ஏப்ரல் 5 இருப்பை வைத்து 48 பேரின் கணக்கையும் நீங்களே சரிசெய்து, சரிசெய்ததை எழுத்தில் தர வேண்டும். தொடக்கத்திலிருந்து உள்ள எங்கள் வருகை, ஏல விவரம் அனைத்தையும் நாங்கள் வேறு இடத்துக்கு எடுத்துப்போகும் வடிவில் கொடுக்க வேண்டும். 4,800 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும்; முழுசாகத் தர முடியாது என்றால் மீதி ஐந்து மாதத்துக்கு உரிய 2,000 ரூபாயாவது. அந்த 2,000 பற்றி கில்டில் இரண்டு கருத்து இருக்கிறது, எனக்கு முழுத் தொகைதான் நியாயம் என்று படுகிறது. தானாகப் புதுப்பிக்கும் கட்டணத்தை இன்றே நிறுத்திவிட்டேன், அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் குறைதீர் அலுவலர் தீர்த்துவைக்க வேண்டும். என் ஏப்ரல் 13 புகாருக்கு அந்த ஒரு மாதம் மே 13 அன்று முடிகிறது. அதுவரை காத்திருப்பேன். அதற்குள் தீர்க்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

போனில் பேச விரும்பினால் கூப்பிடலாம். புதன், சனி இரவு 9:30க்கு மேல் மட்டும் வேண்டாம். இந்திய நேரம்.

இப்படிக்கு,
கில்டு தலைவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.