ஒஷாவா ஜெனரல்ஸ்: விடுபட்ட ஒன்பது பருவங்கள்

ஆசிரியருக்கு,

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஒஷாவா ஜெனரல்ஸ் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி 1937 முதல் இடைவிடாமல் ஆடிவருவதாகத் தங்கள் கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல. 1938 முதல் 1944 வரை தொடர்ந்து ஏழு முறை ஒன்டாரியோ பட்டம் வென்ற அந்த அணி, 1953 செப்டம்பரில் அரங்கம் தீக்கிரையானதும் கலைந்தது. அரங்கம் போனால் பனித்தளம் போச்சு, பயிற்சி போச்சு, டிக்கெட் வசூலும் போச்சு. ஜூனியர் அணி வேறு எதை வைத்து ஓடும்?

1962இல் அணி திரும்பி வந்ததற்குப் பின்னால் இருந்தது தேசிய ஹாக்கி லீக் அணியான பாஸ்டன் புரூயின்ஸ். அந்நாளில் தேசிய ஹாக்கி லீக் அணிகள் 'சி படிவம்' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிப் பதின்ம வயதுப் பையன்களைத் தங்களோடு கட்டிப்போடலாம். (கொத்தடிமை முறைக்கு ஒரு படி கீழே என்பேன்.) அப்படி வந்த, பின்னாளில் பெரும் நட்சத்திரமான 14 வயது பாபி ஓருக்கு ஆட ஓர் அணி வேண்டியிருந்தது. ஆனால் ஒஷாவாவில் அப்போதும் அரங்கம் இல்லை. முதல் பருவத்தின் 'சொந்த மண்' ஆட்டங்கள் டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸிலும், அடுத்த பருவத்தில் போமன்வில்லிலும் நடந்தன. ஊரில் புதிய அரங்கம் திறந்தது 1964 டிசம்பரில்.

கனடா ஜூனியர் ஹாக்கியின் உச்சப் பட்டமான மெமோரியல் கோப்பைக் கணக்கிலும் ஒன்று குறைகிறது: 1939, 1940, 1944, 1990 ஆகியவற்றோடு 2015ஐயும் சேருங்கள். அந்த இறுதி ஆட்டத்தில் கெலோனா அணியை 2–1 என வென்றது கூடுதல் நேரத்தில். இரண்டு கோலையும் அடித்த ஆன்டனி சிரெல்லியை ஒன்டாரியோ லீக் அணிகள் இளம் வீரர்களைப் பங்கிட்டு எடுக்கும் தேர்வில் எந்த அணியும் எடுக்கவில்லை.

— வாசகர், ஸ்கார்பரோ